காற்றில்லாமல் ஆடிய செடி

வெள்ளிமுடித் தேசியப் பூங்காவின் வாசலில், மனிதர்களைச் செடிகளாக்கும் வேலை காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். வரிசையில் நின்று கண்ணைக் காட்டினால் போதும்.

பிறந்த மூன்றாம் மாதமே எல்லோருக்கும் விழியில், காதுக்கும் சேர்த்து, ஒரு சில்லு பொருத்தப்படுகிறது. மலையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் பூங்கா அதைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் மற்ற பயணிகள் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். ஒருவர் நிற்கும் இடத்தில் ஒரு குறிஞ்சிச் செடி தெரியும். நான்கு பேர் நின்றால் புதர். அவர்களுடைய பேச்சு காதில் இளங்காற்றாக விழும். இதற்கு ஏகாந்தத் திரை என்று பெயர். நாளொன்றுக்கு முப்பத்தெட்டாயிரம் பேர் மலையேறினார்கள். அத்தனை பேரும், மலையில் தாம் மட்டுமே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள்.

குடும்பமாகப் பதிந்தால் குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் தெரிவார்கள். ஆறுச்சாமியும் மரகதமும் அப்படித்தான் பதிந்திருந்தார்கள். ஆறுச்சாமி மழை ஆலையில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பூரிலிருந்து வந்த மூன்று மணி நேரமும் சன்னலில் தெரிந்த ஒவ்வொரு மேகத்திலும் குற்றம் கண்டுபிடித்தார். பேருந்தின் வழிகாட்டிக் குரலைப் பதினேழு முறை திருத்தினார்.

வாசலில் ஒவ்வொருவருக்கும் வழித்துணை என்ற உள்ளங்கையளவு இயந்திரம் ஒன்றைத் தந்தார்கள். அது தோளருகே மிதந்தபடி கூடவே வரும். மரகதம் அதனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"என்னைய மட்டும் தனியாப் போட முடியுங்களா?"

"முடியும். அப்போது உங்கள் கணவர் உங்களுக்கும், நீங்கள் அவருக்கும் செடியாகத்தான் தெரிவீர்கள். சம்மதமா?"

"சம்மதமுங்க."

செய்தி ஆறுச்சாமிக்கும் போனது. "போகட்டும் உடு. சாயங்காலம் பஸ்ஸுக்கு வருவாள்ல" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

நண்பகலில் மரகதம் ஆனைமூக்குப் பாறையை அடைந்தாள். கீழே பள்ளத்தாக்கு நீலமாக விரிந்து கிடந்தது. யாரும் எதையும் விளக்கவில்லை. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கும்போதுதான், பாறை விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு குறிஞ்சிச் செடியைக் கவனித்தாள். அது மட்டும் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

"காத்தே இல்ல. இது ஏன் இப்படி ஆடுது?"

"அது ஒரு பயணி. வழுக்கி விழுந்து, வேரைப் பிடித்துத் தொங்குகிறார்."

"அடக் கடவுளே. ஆரையாச்சும் கூப்பிட்டீங்களா?"

"மீட்பு வண்டி கிளம்பிவிட்டது. வழியில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இருபது நிமிடம் ஆகும். அதுவரை யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் பிழைப்பார். அதற்குத் திரையை விலக்க வேண்டும். விலக்கினால் இன்று மறுபடி போட முடியாது."

மரகதம் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். இந்த ஒரு நாளுக்காக ஆறு வருடம் காத்திருந்தவள் அவள்.

"வேற ஆராச்சும் பாத்துக்க மாட்டாங்களா?"

"இதுவரை நாற்பத்தொரு பேர் இதையே கேட்டார்கள்."

அவளுக்கு முகம் சுட்டது. "விலக்குங்க" என்றாள்.

மலை முழுக்க மனிதர்கள் முளைத்தார்கள். பாறையில், சரிவில், எதிர் மலையின் உச்சி வரை தலைகள். எல்லோரும் ஏகாந்தத்தில் திளைத்தபடி அவளை இடிக்காமல் விலகிப் போனார்கள். விளிம்புக்குக் கீழே, சட்டை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர்.

அவள் குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பற்றினாள். ஒரு செடி தன்னைப் பிடிப்பதைக் கண்டு ஆறுச்சாமி மிரண்டார். "திரையை விலக்கட்டுமா?" என்று அவருடைய வழித்துணை ஏழாவது முறையாகக் கேட்டது.

"வேண்டாம். இருக்கற மயக்கத்துல கூட்டத்தை வேற பாக்கோணுமா?" என்றார். பிறகு செடியிடம், "ஆரா இருந்தாலும் நல்லா இருப்பீங்க. உட்றாதீங்க. எம் பொண்டாட்டி பஸ்ஸுல தேடுவா" என்று கெஞ்சினார்.

மரகதம் இருபது நிமிடமும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் காதில் இதமான காற்று வீசிக்கொண்டிருந்தது.

வண்டி வந்து, காலுக்குக் கட்டுப் போட்டு, வாசலில் அவருடைய திரையும் விலகிய பிறகு, ஆறுச்சாமி மனைவியின் முழங்கைகளைப் பார்த்தார்.

"என்ன புள்ள இவ்ளோ சிராய்ப்பு?"

"ஒரு செடியப் புடிச்சனுங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் போய்ச் சேரும்வரை ஒரு மேகத்தையும் குறை சொல்லவில்லை.

ஆனைமூக்குப் பாறையைக் கடந்து போனவர்களில் முப்பத்தாறு பேர் அன்று மாலையே பூங்காவுக்குப் புகார் எழுதினார்கள். காற்றில்லாத வேளையில் செடி ஆடுவது இயற்கையாக இல்லை, பார்க்க மனதுக்குச் சங்கடமாக இருந்தது என்பது அவர்கள் குறை. நிர்வாகம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வருத்தம் தெரிவித்தது. ஒரே வாரத்தில் திருத்தமும் செய்தது. இப்போது வெள்ளிமுடியில் யார் எவ்வளவு தவித்தாலும் செடிகள் அசைவதில்லை.