எழுதியாச்சு

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“பாப்பா, மருந்து குடிச்…”

“குடிச்சிட்டேன்பா.”

பக்கத்து அறையிலிருந்து மகளின் குரல். காலையிலிருந்து காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த பிள்ளை, பாடம் ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள். அவனும் நிம்மதியாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். நர்ஸ் டியூட்டிக்குப் போயிருந்த மனைவி சற்றுமுன் போனில் இதையே கேட்டபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே “குடுத்தாச்சு” என்று சொல்லியிருந்தான். வாய் கூசவில்லை.

அவன் எழுதுவது டிரைவர். கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கும் ஒரு கார்டை, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இயங்குதளத்தோடு பேசவைக்கும் சின்ன நிரல். மாப்பிள்ளைக்கு டிரைவர் வேலை என்று வெளியே சொல்ல மாமியாருக்குத்தான் கூச்சம். அந்தப் பழைய கார்டு அடிக்கடி மூச்சடைத்து நின்றது, காரணம் பிடிபடவில்லை. கடைசியில், டிஸ்க் எழுதி முடிக்கும்வரை காத்திராமல் ‘எழுதியாச்சு’ என்று முந்திக்கொண்டு சொல்லும்படி டிரைவரை மாற்றினான். சோதித்துப் பார்த்ததாகத் தன் பெயரையும் போட்டு ஊர் தலையில் கட்டிவிட்டான். கூட எழுதும் நிரலாளர் குழுவில் ஒரே பாராட்டு. டிஸ்க் டாக்டர் என்று பட்டம் வேறு.

இன்று அந்த டிரைவரைப் போட்டிருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் எழுதியிருந்தார். “எல்லாப் படமும் சேவ் ஆயிடுச்சுன்னு சொல்லுது சார். தொறந்தா ஒண்ணுமே இல்ல. ஒரு அம்மா, அவங்க பிள்ளையோட கடைசிப் படத்தைக் கேட்டு வாசல்லயே உக்காந்திருக்காங்க. நாங்கதான் ஏதும் தப்பு பண்ணிட்டமா சார்?”

அந்த ‘சார்’ அவனைக் கூனிக்குறுக வைத்தது. ‘தப்பு என்னுடையது’ என்று அடித்தான். அழித்தான். மழை விட்டும் வெளியே தகரத்தில் சொட்டுச் சத்தம் ஓயவில்லை. ஈரத்துணியும் தைலமும் கலந்த நோயாளி வாடை பக்கத்து அறையிலிருந்து மெல்ல வந்து அவன் சட்டைவரை ஏறியிருந்தது. பொழுது சாய்ந்ததில் அந்த அறையின் கதவிடுக்கு மட்டும் கெட்டியாகக் கறுத்துக் கிடந்தது. ‘கேபிளை மாற்றிப் பாருங்கள்’ என்று அடித்து அனுப்பினான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மாத்திட்டேன்பா.”

அவன் வாயைத் திறக்கவே இல்லை.

எழுந்தான். சமையலறைக்கு ஓடினான். மருந்து மேல்தட்டில் இருந்தது, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். மூடியின் சீல் உடையவில்லை.

அறை விளக்கைப் போட்டான்.

மகள் மல்லாந்து கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன. நெற்றியைத் தொட்டான். சில்லென்றிருந்தது.

“பாப்பா… எந்திரி…”

“எந்திரிச்சிட்டேன்பா.”

உதடு அசையவில்லை. நெஞ்சும் அசையவில்லை.

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

வா என்று கத்த நினைத்தான். எல்லாம் பொய் என்று சொல்ல நினைத்தான். வாயைத் திறந்தான்.

கட்டிலிலிருந்து, மூடிக்கிடந்த அந்தச் சின்ன உதடுகளுக்குள்ளிருந்து, அவனுடைய குரல் பதில் சொன்னது.

“நல்லாயிருக்கா. தூங்கிட்டா.”

“அப்பாடா” என்று மனைவி போனை வைத்தாள்.