வளை வழியே வந்த பேய்

செவ்வூரில் பொழுது விடிந்ததும் தகப்பன்மார் செய்கிற முதல் காரியம் மகளின் மூச்சை எண்ணுவது. பல் தேய்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சபாநாயகமும் படுக்கையில் கிடந்தபடியே வலது கையைத் தூக்கி, அதில் இருந்த இரண்டு வளைகளில் நீல வளையைத் தடவினார். மகள் இந்துமதி மூன்றாம் குவிமாடத்து விடுதியில் எழுந்துவிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. நாடி சீராக இருக்கிறது. அடுத்துப் பச்சை வளையைத் தடவினார். மனைவி மரகதம் சமையலறையில் இருந்தாள். அவள் தாளிக்கிற சத்தம் படுக்கை வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் பார்த்தார்.

செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய தமிழர்கள் ஆரம்பத்தில் நல்ல காரணத்தோடுதான் இதைத் தொடங்கினார்கள். குடியிருப்பை மூடிக் காற்றைக் காக்கிற குவிமாடம் ஒன்று விரிசல் விட்டபோது யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாமல் திண்டாடிப் போனார்கள். அதன்பிறகு பிறக்கிற குழந்தைக்கெல்லாம் பெயர் சூட்டுகிற அன்றே கழுத்தெலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு காவல்மணியைப் புதைத்தார்கள். ஆள் எங்கே, நெஞ்சு எப்படி அடிக்கிறது, அருகில் யார் என்று மணி ஓயாமல் சொல்லும். அதைக் கேட்கிற காவல்வளை தகப்பன் கையில். வளை வழியே பேசவும் செய்யலாம். குரல் எலும்பு வழியாக நேரே காதுக்கு ஏறிவிடும். கேட்க மாட்டேன் என்று சொல்ல வழி கிடையாது.

விரிசலை அடைத்து நூறு வருஷம் ஆகிவிட்டது. வளையை மட்டும் யாரும் கழற்றவில்லை. இல்லை, பையன்களுடையதைக் கழற்றிவிடுவார்கள். மீசை அரும்பியதும் அவர்கள் வளை அவர்கள் கைக்கே வந்துவிடும். பெண்களுக்கு மீசை அரும்புவதில்லையே, பாவம், என்ன செய்வது? அதனால் முகூர்த்தத்தன்று தகப்பன் தன் கையிலிருந்து வளையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் மாட்டுவான். இதற்குக் கைமாற்றுச் சடங்கு என்று பெயர். பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பந்திக்கு ஓடுவார்கள். எதிராளி செய்தியைப் பார்த்ததற்கு நீல டிக் விழுந்ததா, பார்த்துவிட்டு ஏன் பதில் போடவில்லை என்று கைப்பேசியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நம்மவர்களின் கொள்ளுப்பேரன்கள்தானே இவர்கள்? வேறு எப்படி இருப்பார்கள்!

இந்துமதிக்கு இருபத்தேழு வயது. காற்றுத் துறையில் பொறியாளர். வியாழனின் நிலவு ஒன்றில் புதிதாகக் கட்டுகிற குடியிருப்புக்குக் காற்று உற்பத்தித் தலைவியாக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் கப்பல். ஆனால் வளை ஊரில் தங்குகிற இன்னொருவர் கையில் இருந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். வளையை விட்டு வெகுதூரம் போனால் மணி ஓலமிடத் தொடங்கிவிடும். அந்த ஓலத்தோடு வியாழன் வரைக்கும் போக எந்த மாலுமிக்கும் பொறுமை கிடையாது. ஆக, சபாநாயகம் மனமுவந்து "விட்டேன்" என்று வாய் திறந்து சொல்லி வளையைக் கழற்றினால்தான் அவளுக்குப் பயணம்.

"அப்பா, எனக்கு இந்த வேலை இன்னொரு தடவை கிடைக்காதுப்பா," என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"நான் எங்கம்மா போக வேண்டாம்னு சொன்னேன்? ஒரு நல்ல பையனாப் பாத்து, அவன் கையில வளையை மாட்டிட்டு, ரெண்டு பேருமாச் சேந்து போங்க."

"அடுத்த வாரத்துக்குள்ள மாப்பிள்ளைக்கு எங்கப்பா போறது? என் வளை என் கையிலயே இருந்தா என்ன?"

"உன்னை நீயே பாத்துக்கிட்டா உனக்கு ஒண்ணுன்னா யாருக்குத் தெரியும்? உன் நல்லதுக்குத்தான் பாப்பா சொல்றேன்," என்ற சபாநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருப்பாள்.

சபாநாயகத்துக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. காவல்மணி ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லும், நாடியைச் சொல்லும். விரல் என்ன எழுதுகிறது என்று சொல்லாது. 'அமாவாசை மாளிகை' என்று செவ்வூரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற பேய்த் தொடருக்குப் புனைபெயரில் கதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் இந்துமதியும் ஒருத்தி. (செவ்வாயைச் சுற்றும் பெரிய நிலா ஒரு நாளைக்கு மூன்று முறை சுற்றிவிடுவதால் அங்கே அமாவாசைக்குப் பஞ்சமே இல்லை. தொடரும் அதற்கேற்ப முடியாமல் போய்க்கொண்டிருந்தது.) சொல்லிக் கேட்காதவர் பார்த்தாவது உணரட்டும் என்று அந்த வெள்ளிக்கிழமைக் கதையை அப்பாவுக்காகவே எழுதினாள்.

கதை இதுதான். நீலவேணி என்று ஒரு பெண். அவளுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. மின்தூக்கியில் தோழியோடு சிரித்தால், "ஏன் சிரிச்சே?" என்கிறது. படியேறினால், "மூச்சு வேகமா ஓடுதே, யாரு பக்கத்துல?" என்கிறது. காவல் நிலையத்துக்குப் போகிறாள். "கெட்ட வார்த்தை ஏதாவது பேசுச்சா? இல்லையே! அக்கறையாத்தானேம்மா விசாரிக்குது?" என்று அனுப்பிவிடுகிறார்கள். கடைசியில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, அவள் தோளுக்குப் பின்னால் வெளிறிப்போன ஒரு முகம் தெரிகிறது. "நீ நல்லா இருக்கணும், அவ்வளவுதான்," என்று கண்ணீர் விடுகிற அந்தச் செத்த மனிதனின் வலது கையில் ஒரு நீல வளை. அதோடு திரை இருண்டுவிடும். பேய் பேசுகிற ஒவ்வொரு வசனமும் சபாநாயகம் பேசியதுதான். இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது?

இந்துமதி விடுதி அறையில் கண்வில்லையில் நாடிப்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொலைக்காட்சிக்காரர்கள் வீட்டுக்கு வீடு இலவசமாகச் சோபா கொடுத்திருந்தார்கள். உட்காருகிறவரின் நெஞ்சுத்துடிப்பைச் சோபா நிலையத்துக்குச் சொல்லும். எந்த இடத்தில் பயந்தார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள் என்று எழுத்தாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் சோபாவோடு வந்த நிபந்தனைகளில் தெளிவாகவே இருந்தது. இலவசமாக வந்த பொருளின் நிபந்தனையை யார் படித்தார்கள்? அவளது பலகையில் இடது இருக்கை அப்பா, வலது இருக்கை அம்மா.

வீட்டில் சபாநாயகம் சோபா நுனிக்கு வந்துவிட்டார்.

"அடப்பாவி! செத்தும் தொலையாம ஒரு பொம்பளப் பிள்ளை பின்னாடியே அலையறியே, உனக்கு அக்கா தங்கச்சி இல்லையாடா? சிரிச்சா உனக்கென்ன, அழுதா உனக்கென்ன?" என்று திரைச்சுவரைப் பார்த்துக் கத்தினார். அவருக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்து அழுதேவிட்டார். அழுதுகொண்டே, பழக்கதோஷத்தில், நீல வளையைத் தடவினார். மகளின் நாடி எகிறிக்கொண்டிருந்தது.

"பாப்பா, மூச்சு வேகமா ஓடுதே, யாரு பக்கத்துல?"

திரையில் பேயும் அதையே கேட்டு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. மரகதம் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை; மறுபடி பேயைத் திட்டப் போய்விட்டார். இரண்டாவது காட்சியிலேயே மரகதத்துக்கு இதை எழுதியது யார் என்று விளங்கிவிட்டிருந்தது. இந்த வசனங்களை முப்பது வருஷமாகக் கேட்கிறவள் அவள்தானே!

கண்ணாடிக் காட்சி வந்தது. நீல வளை தெரிந்தது. சபாநாயகத்தின் நாடி குபீரென்று ஏறியதைப் பலகையில் பார்த்த இந்துமதி, 'பிடித்துக்கொண்டார்!' என்று துள்ளினாள்.

"மரகதம்… அவன் கையில பாத்தியா?" சபாநாயகம் திரையை விரலால் காட்டினார். "நம்ம வளை மாதிரியே இல்ல?"

"மாதிரி என்னங்க, அதேதான்."

"அதே நீலம்."

"அதே நீலம்தாங்க," என்றாள் மரகதம். மனுஷன் வாயால் உண்மை வந்துவிடப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்போ… அந்தப் பேய் வளைக்குள்ள பூந்துக்கிட்டுதான் வருது!"

மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இவருக்கு இந்த ஜென்மத்தில் புரியப்போவதில்லை என்று கல்மேல் எழுதியதுபோலத் தெரிந்துவிட்டது. ஆனால் மகளுக்கு அடுத்த வாரம் கப்பல். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் அதையேதாங்க நினைச்சேன். சொன்னா பயப்படுவீங்கன்னுதான் சொல்லல. போன வாரம் எனக்கும் ஒரு குரல் கேட்டுது. 'ஏன் சிரிச்சே'ன்னு."

"நான் கேட்டிருப்பேன்."

"நீங்க அப்போ குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தீங்க."

சபாநாயகம் நெருப்பைத் தொட்டவர்போல இரண்டு வளைகளையும் உருவி எறிந்தார். "விட்டேன்! விட்டேன்!" என்று அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, விவரம் கேட்டு, தானும் போய்த் தன் மகளின் வளையைக் கழற்றினார். அடுத்த இரண்டு நாளில் செவ்வூரில் பாதிப் பெண்களுக்கு விடுதலை கிடைத்தது. நூறு வருஷமாக எத்தனையோ பேர் மேடை போட்டு நியாயம் பேசியும் நடக்காதது, ஒரு பேய்ப் பயத்தில் நடந்துவிட்டது. பாதிப் பேருக்குத்தான்; மீதித் தகப்பன்மார் வளையில் எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவிக்கொண்டு சமாளித்தார்கள்.

கப்பல் துறையில் சபாநாயகம் நீல வளையை மஞ்சள் துணியில் சுற்றி, இடுக்கியால் பிடித்துக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினார்.

"அப்பா!" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள் இந்துமதி. "புரிஞ்சுதாப்பா உங்களுக்கு?"

"எல்லாம் புரிஞ்சுது பாப்பா. இதைக் கையில போட்டுக்காதே. பாதி வழியில வெளிய வீசிடு. அந்தப் பேய் அங்கேயே கிடந்து அலையட்டும்."

இந்துமதிக்கு முகம் விழுந்துவிட்டது. உயிரைக் கொடுத்து எழுதிய கதைக்கு இப்படி ஒரு ரசிகர்! ஏதோ சொல்லப் போனவளின் கையை அம்மா இறுக்கி அழுத்தினாள். "போயிட்டு வா கண்ணு. வாயைத் திறக்காமப் போ," என்று காதோடு சொன்னாள். அம்மாவின் வலது கையை இந்துமதி அப்போதுதான் பார்த்தாள். பச்சை வளையை அவள் தன் கையில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாளாம்.

கப்பல் கிளம்பியது. வளையைத் தன் கையில் தானே மாட்டிக்கொண்ட இந்துமதி அன்று முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் சிரித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் நாடிப்பலகையை மூட மறந்துபோனாள். மறந்துபோனாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. முதல் நாள், அப்பா ஏங்கிப் போயிருப்பாரே என்று பார்த்தாள். இரண்டாம் நாள், அம்மா அழுகிறாளோ என்று பார்த்தாள். அப்புறம் எழுந்ததும் பார்த்தாள், பல் தேய்ப்பதற்கு முன்பே.

ஒரு சாயங்காலம் வலது இருக்கை காலியாக இருந்தது. காபி நேரம் போயிற்று. 'அமாவாசை மாளிகை' நேரமும் போயிற்று. அம்மா வந்து உட்காரவில்லை. இடது இருக்கையில் அப்பாவின் நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கும் கப்பலுக்கும் இன்னும் பேச்சு உடனுக்குடன் எட்டுகிற தூரம்தான். இந்துமதி அழைத்தாள்.

"அப்பா, என்னப்பா துடிப்பு இப்படி எகிறுது? பக்கத்துல யாரும் இல்லையே, அம்மா எங்க?"

இது உனக்கு எப்படித் தெரியும் என்று சபாநாயகம் கேட்கவில்லை. செவ்வூரில் அப்படியெல்லாம் யாரும் கேட்பதில்லை.

"தெரியல பாப்பா. மத்தியானமே கிளம்பிப் போனா. எங்கன்னு கேட்டா 'சும்மா நடந்துட்டு வரேன்'ங்கறா."

"சும்மாவா? அம்மா என்னிக்குச் சும்மா நடந்திருக்காங்க? வளையைப் பாருங்கப்பா!"

"அதைத்தான் கழட்டியாச்சே. அரிசி டப்பாவுல கிடக்கு."

"எடுத்துப் போடுங்க. உங்க கட்டைவிரலை வச்சா மறுபடி வேலை செய்யும்."

"ஐயோ, பேய் வந்துடும் பாப்பா!"

"பேயாவது பிசாசாவது! அந்தக் கதையை எழுதினதே நான்தான்!"



"நீயா?" என்றார் சபாநாயகம். "அப்போ அந்தப் பேய் பேசினதெல்லாம்…?"

"நீங்க பேசினதுதான்பா."

  இதோ, இப்போதாவது புரிந்துகொள்வார் என்று நினைத்தாள் இந்துமதி. பலகையில் அப்பாவின் நாடி மெல்ல மெல்லத் தணிந்துகொண்டு வந்தது.

"அப்போ வளையில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை. சீக்கிரம் போடுங்க. எனக்கும் இணைப்புக் கொடுங்க," என்றாள் இந்துமதி. தன் விஷயம் வேறு, இது வேறு. அம்மாவுக்கு வயதாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அரிசியைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

மரகதம் அப்போது ஐந்தாம் குவிமாடத்தின் ஓரத்தில், ஒரு தேநீர்க் கடையில், பள்ளிக்கூடத் தோழி ஜெயக்கொடியோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே செம்மண் வெளி விரிந்து கிடந்தது. கணவரைப் பேய்க்கதை சொல்லி ஏமாற்றியதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தீங்கன்னேன் பாரு, மனுஷன் அரண்டுட்டாருடி!" இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மரகதம் இவ்வளவு சத்தமாகச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

கழுத்தெலும்புக்குக் கீழே மணி குறுகுறுத்தது. அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் சிரிக்கிறே?" என்றது ஒரு குரல்.

"பக்கத்துல யாரும்மா?" என்றது இன்னொன்று.

முதல் குரலோடு அவள் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தாள். இரண்டாவதை அவளே பெற்று வளர்த்து, பொய் சொல்லிக் கப்பலேற்றி அனுப்பியிருந்தாள். மரகதம் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா கேக்கறேன்," என்றது இரண்டாவது குரல்.