மூடிய புத்தகங்கள்

சிங்கத்தின் காலடியில் இருந்த புத்தகம் திறந்திருந்தது.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய அப்பா ஆலயப் பீடத்துக்குச் செய்துகொடுத்த வெள்ளிச் சிலுவை அது. ஐம்பது ஆண்டுகளாக வேறு ஒரு கை அதைத் தேய்க்க அவர் விட்டதில்லை. நான்கு முனைகளிலும் நற்செய்தி எழுதிய நால்வரின் அடையாளங்கள்: சிங்கம், காளை, கழுகு, சிறகுள்ள மனிதன். ஒவ்வொன்றிடமும் ஒரு புத்தகம். வெள்ளி வேலைக்காரர் திறந்த புத்தகங்களாகத்தான் வரைந்து காட்டினார். "மூடியே இருக்கட்டும்" என்றார் அப்பா. அவரிடம் காரணம் கேட்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

சிலுவையின் பாதத்தில் ஒரு வரி வெட்டியிருந்தது: 'இளைய மகள் மனமுவந்து அளித்த வளையல்களால் ஆனது.' அவருடைய தங்கை, அந்தச் சின்னவள், தன் வெள்ளி வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தொலைதூரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ஊர் இன்றும் பெருமையாகச் சொல்கிறது. இன்று மாலைத் திருப்பலியில் அந்த வரியை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்போகிறார்கள்.

மாடி அறையின் சாவி அப்போது யாருடைய சட்டைப்பையில் இருந்தது என்பது ஊருக்குத் தெரியாது.

"மாமா, காபி ஆறுது. சிலுவை எங்கயும் ஓடிடாது," என்றாள் மருமகள்.

"வச்சிட்டுப் போம்மா. கதவைச் சாத்திக்க."

சுண்ணப்பொடியின் வறண்ட வாசனை தொண்டையில் ஒட்ட, ஈரத் துணி வெள்ளிமேல் கீச்சிட, திறந்த பக்கத்தில் படிந்திருந்த கறுப்பை அவர் அழுத்தித் தேய்த்தார். கறுப்பு போயிற்று. அடியில் எழுத்து வந்தது.

'முதல் நாள். தண்ணீர் கேட்டேன்.'

தேய்த்தார். எழுத்து இன்னும் ஆழமாயிற்று. பார்வையை விலக்கினால் காளையின் புத்தகமும் திறந்திருந்தது.

'இரண்டாம் நாள். கதவுக்கு வெளியே அண்ணனின் செருப்புச் சத்தம்.'

கழுகு.

'மூன்றாம் நாள். தட்டக் கை எழவில்லை.'

சிலுவையைத் துணியில் சுருட்டி மடியில் இறுக்கிக்கொண்டார். தட்டும் சத்தம் கேட்டது.

"வர்றேன். ஏன்யா தட்டுற?"

"நான் தட்டலீங்களே ஐயா," என்றது கதவுக்கு வெளியே ஆலயப் பணியாளரின் குரல். "இப்பத்தான் படியேறுறேன். மணியாச்சு, குடுங்க. விட்டா தேய்ச்சே ஊசியாக்கிடுவீங்க."

மறுபடி தட்டல். வளையல் ஓசை இல்லாத வெறுங்கைத் தட்டல். அன்று மாடி அறைக் கதவில் இரண்டு நாள் கேட்ட தட்டல்.

துணிக்குள்ளிருந்து.

விரல்கள் தாமாகவே துணியை விலக்கின. சிறகுள்ள மனிதன். கடைசிப் புத்தகம். மெல்லத் திறந்தது. எழுத்தே இல்லை. கண்ணாடிபோல் பளபளக்கும் வெற்றுப் பக்கம். அதில் நகத்தளவில் அவர் முகம்.

முகத்துக்குப் பின்னாலிருந்து, இரு தோள்களின் மேலாகவும், மெலிந்த மணிக்கட்டுகள் இரண்டு முன்னே வந்தன. வளையல் கிடந்த தழும்போடு.

"ஐயா," என்று வெளியே பணியாளர் கதவைத் தள்ளினார். "ஏன் உள்ளே தாழ் போட்டீங்க?"

பெரியவர் தாழ் போடவில்லை.