மிஞ்சிய இட்லி யாருக்கு?

கீரனூரில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சுடர்விழிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அவள் அம்மாவுக்குப் பழைய இட்லிதான் பிடிக்கும். அம்மாவே பல தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அம்மா மோகனப்ரியாவுக்குத் திருச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை. பஸ் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிடும். வந்ததும் கை கால் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார். அப்பாவுக்கும் சுடர்விழிக்கும் தம்பி அறிவுக்கும் சுடச்சுடத் தோசை ஊற்றிப் போடுவார். கடைசியில், காலையில் மிஞ்சிய இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே நின்றபடி சாப்பிட்டு முடித்துவிடுவார்.

ஆவூர்த் திருவிழாவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் சுடர்விழிக்குச் சந்தேகம் வந்தது. அன்று சித்தி தோசை ஊற்ற, அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். முறுகலான ஓரத்தை முதலில் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சித்தி வீட்டிலும் காலை இட்லி மிச்சம் இருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் சுடர்விழி வேடிக்கை பார்க்கவில்லை. யோசித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா அருள்தாஸ் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். தனக்கு இது தோன்றவே இல்லையே என்றார் அப்பா. அம்மா வருவதற்குள் மிச்ச இட்லியை நாமே சாப்பிட்டுவிடலாமா என்று கேட்டாள் சுடர்விழி.

தம்பி முகத்தைச் சுளித்தான். பழைய இட்லி கல் மாதிரி இருக்கும், வேண்டவே வேண்டாம் என்றான். வேலை கொடுத்தால் அவன் சரியாகிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். இட்லிகளை அவனிடமே கொடுத்து உதிர்க்கச் சொன்னாள். அவன் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியதுபோக மீதி பாத்திரத்தில் விழுந்தது. அவள் வெங்காயம் உரித்துக் கொடுக்க, அப்பா கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமா கிளறினார். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. ஆனாலும் தான் உதிர்த்த உப்புமா என்று தம்பி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

அம்மா வந்தார். எல்லோருக்கும் பசிக்குமே என்று நேராக அடுப்பங்கரைக்குப் போனார். இட்லிப் பாத்திரம் காலியாக இருந்தது.

"இட்லியெல்லாம் எங்க?"

"நாங்க தின்னுட்டோம்மா. அக்காதான் ஒண்ணுகூட வைக்கக் கூடாதுன்னுச்சு" என்று தம்பி போட்டு உடைத்துவிட்டான்.

அம்மா சுடர்விழியைப் பார்த்தார்.

"ஒனக்குப் பழைய இட்லி புடிக்கும்னு சொன்னது பொய்தானேம்மா?"

அம்மா கையிலிருந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீணாப் போகக் கூடாதுல்ல கண்ணு. அதான்."

"வீணாப் போகலையே. நாங்க சாப்பிட்டுட்டோம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத்தான் துடைக்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டான். அப்பா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

"நீ ஒக்காரு. நான் ஊத்துறேன்."

முதல் தோசை இலங்கை வரைபடம் போல வந்தது. அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சுடர்விழி பக்கத்தில் அமர்ந்து சட்னி வைத்தாள். அடுத்தது கொஞ்சம் வட்டமாக வந்தது.

மூன்றாவது தோசை தட்டில் விழுந்தபோதும் அம்மா போதும் என்று சொல்லவில்லை.