பின்கதவுக்கு அடியில்

அந்த வருஷம் ஐப்பசி மழை சொல்லி வைத்தாற்போல் தினமும் சாயங்காலம் வந்து நின்றது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அலர்மேல்மங்கை குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்கதவு என்று பேர்தான். அடியில் இரண்டு விரல் இடைவெளி. மழைத்தண்ணீர் அதன் வழியாகக் கூச்சமே இல்லாமல் அடுப்படியைத் தாண்டிக் கூடம் வரைக்கும் வந்து படுத்துக்கொள்ளும்.

தண்ணீரைத் துடைத்துவிடலாம். மகளை என்ன செய்வது? ஐந்து வயது காவ்யஸ்ரீக்கு, இங்கே குடிவந்த இரண்டு மாதமாக இழுப்பு. படுத்தால் விசில் ஊதுகிற மாதிரி மூச்சு. "தரை ஈரம் ஆகவே ஆகாதும்மா. இன்னொரு தடவை வந்தா பிள்ளை தாங்காது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து அலர்மேல்மங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மத்தியானம் ஆசாரி சோலை வந்தார். கதவின் அடியை இழைத்து, கனத்த ரப்பர் பட்டையைப் பசை தடவி ஒட்டி, திருகாணி போட்டு முடுக்கினார்.

"இனிமே எறும்புகூட நுழையாது தங்கச்சி. பசை காயணும். காலையில நான் வாரேன், அதுவரைக்கும் கதவைத் திறந்துறாதீக."

"வெளக்கு வைக்கையில திறக்கணுமேண்ணே?"

"ஒரு நா திறக்காட்டி என்ன குடி முழுகிருமா? இம்புட்டு வேலையும் வீணாப் போகும்."

விளக்கேற்றும் முன் பின்கதவை ஒரு தரம் திறந்து மூடுவது அவள் வீட்டு வழக்கம். உள்ளே அண்டிக் கிடக்கும் மூதேவி அந்த வழியாகப் போன பிறகுதான் முன்வாசலைத் திறந்து லட்சுமியை அழைப்பார்கள். ஒரு நாளும் அவள் தவறியதில்லை. ஆனாலும் பிள்ளைக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு முன்வாசலை மட்டும் திறந்து விளக்கேற்றினாள். தீபாவளி வியாபாரம், புருஷன் கிரிதரன் ஜவுளிக்கடையிலிருந்து வர நேரமாகும். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பின்கதவுக்கு அடியில் ஒரு சொட்டு வரவேண்டுமே! அடேயப்பா, சோலை அண்ணன் கைக்குத் தங்கக்காப்பு போடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. இறைக்காத கிணற்றின் பாசி வாடை.

கதவோரம் தரையில் ஒரு கோடு போலத் தண்ணீர். துணியை எடுத்துத் துடைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி கோடு. குனிந்து தடவினாள். ரப்பரின் மேல் பக்கம் காய்ந்து கிடந்தது. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தண்ணீர் நகர்ந்தது.

நிலையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, ரப்பரை ஒட்டியே, மெதுவாக. அங்கே போய் நின்றது. பிறகு திரும்பி வந்தது. வழி தேடுகிறவர்கள் அப்படித்தான் சுவரைத் தடவிக்கொண்டு போவார்கள்.

அது உள்ளே வரப் பார்க்கவில்லை.

வெளியே போகப் பார்க்கிறது.

"அய்யோ, உள்ள வச்சே அடைச்சுட்டோமே" என்று வாய்க்குள்ளேயே முனகினாள்.

அதைக் கேட்டதுபோல் தண்ணீர் கதவை விட்டுவிட்டுத் திரும்பியது. அடுப்படியைக் கடந்து, தரையின் வாட்டத்துக்கு எதிராக மேலேறி, கூடத்தில் பாயில் படுத்திருந்த காவ்யஸ்ரீயை நோக்கிப் போனது.

"அம்மா..."

பிள்ளையின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு நீலம் பாரித்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை.

அலர்மேல்மங்கை பாய்ந்து தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு அசையவில்லை. வழிந்த பசை வாசற்படிக் கல்லோடு கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. அரிவாள்மனையை எடுத்து அடியில் சொருகி நெம்பினாள். கை கிழிந்தது. ரப்பர் பிய்ந்தது. இன்னும் ஒரு நெம்பு.

கதவு திறந்தது.

நனைந்த சேலையை யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல் அவள் பாதங்களின் மேல் சில்லென்று ஒன்று ஊர்ந்து படியைத் தாண்டிப் போனது. அவள் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

தரை காய்ந்து கிடந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, சத்தமே இல்லாத, சுத்தமான மூச்சு.

"பசிக்குதும்மா. தோசை வேணும்."

அலர்மேல்மங்கை அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "ஊத்தித் தாரேன் கண்ணு, எம்புட்டு வேணுமோ தின்னு" என்று முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மழை விட்டிருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

காவ்யஸ்ரீ அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கிப் பின்கதவின் அடியையே பார்த்தாள்.

"அம்மா, வெளிய யாருக்கும்மா இழுக்குது?"