மட்டத்துக்கு வராத வண்டி

வண்டித் தளத்தில் வைத்திருந்த ரசமட்டத்தின் குமிழி மறுபடியும் நகர்ந்திருந்தது.

டெல்மர் அதைக் காலையில்தான் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பின்சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, இறங்கிப் பார்த்து, ஏறிப் பார்த்து, முட்டி தேய மண்டியிட்டுச் செய்த வேலை. இப்போது அந்தக் குமிழி ஒன்றும் அறியாததுபோல முன்பக்கத்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் பின்பக்கம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அவர் விரலால் தட்டினார். குமிழி அசையவில்லை. தேவாலயப் பாட்டுக்குழுவில் நின்று பாடிய வாயால் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே கொண்ட கேரவன் அது. மினசோட்டாவில் ஏரிகள் உறைய ஆரம்பித்ததும் டெல்மரும் அவர் மனைவி ஆர்டிஸும் அதில் கிளம்பி அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள்; பனி உருகியதும் திரும்புவார்கள். குளிர்காலத்தில் இங்கே கூடும் கேரவன்காரர்களுக்கு டெல்மர் ஒரு நடமாடும் பட்டறை. "டயரு ஓடித் தேயறதில்லப்பா, வெயில்ல நின்னே வெடிக்குது. துணி போட்டு மூடு" என்பார். "கூரை ஓரத்துப் பசைய வருஷம் ஒரு தடவ ஏறிப் பாரு. மழை வந்தப்புறம் ஏறினா வண்டி இருக்காது, காளான்தான் இருக்கும்" என்பார். ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன மனிதருக்குச் சொந்த வண்டியே அடங்கவில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு எரிச்சல்.

எரிச்சலுக்கு அடியில் பயமும் இருந்தது. அந்த வண்டியின் ஃபிரிட்ஜ் கேஸ் சுடரில் ஓடுவது. வண்டி சமமாக நின்றால்தான் அது குளிரும். சாய்ந்தால் உள்ளே ஓடும் திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும். ஆர்டிஸின் இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. நேற்றே பால் திரிந்துவிட்டது. மார்ச் மாதத்திலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. மற்றவர்களின் ஜெனரேட்டர் சத்தம் காதில் விழக்கூடாது என்று வெகுதூரம் தள்ளி வந்து நிறுத்தியவர் அவர்தான். போனில் சிக்னல் இல்லை. நடந்து போக முட்டி இடம் கொடுக்காது. விடிந்ததும் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். பின்சக்கரங்கள் சரளையைத் தோண்டிக்கொண்டு சுற்றினவே தவிர, ஓரடிகூட நகரவில்லை. தோண்டிய குழியை நிரப்பி அதன்மேல்தான் கட்டை கொடுத்திருந்தார்.

"ஆர்டிஸ், கீழ இறங்கி வா," என்று கத்தினார். "நீ உள்ள நடமாடிக்கிட்டே இருந்தா எப்படி மட்டம் நிக்கும்?"

ஆர்டிஸ் இன்சுலினை ஈரத்துண்டில் சுற்றி, பையில் போட்டு, காபி பிளாஸ்க்கையும் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. அவள் கால் பட்டபோது வாசலின் இழுப்புப் படி முனகக்கூட இல்லை.

"ஆமா, நான்தான் யானை மாதிரி நடந்து உன் வண்டிய அமுக்கிட்டேன்," என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எது கெட்டாலும் காரணம் நான்தான்."

"கதவத் திறந்தே விடு. உள்ள நாத்தமா இருக்கு."

ஃபிரிட்ஜ் கெட்டால் அமோனியா நெடி மூக்கைக் குத்தும். அது டெல்மருக்குப் பழக்கம். இது அதுவல்ல. பூட்டிக் கிடந்த அறையில் யாரோ வெகுநேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததுபோல வெதுவெதுப்பான ஒரு வாடை.

அவர் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். கழிவுநீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், காலி. ஸ்பிரிங் பட்டைகளைத் தடவிப் பார்த்தார். போன வருஷம் புதிதாகப் போட்டவை, ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் பெரும் பாரம் ஏற்றியதுபோல வளைவு போய்த் தட்டையாகக் கிடந்தன. வெளியே காற்று கள்ளிச்செடிகளை உரசிக்கொண்டு போனது, எங்கோ ஒரு காக்கை கரைந்து ஓய்ந்தது, எஞ்சின் எண்ணெயும் சூடேறிய ரப்பரும் கலந்த வாசனை நெஞ்சை அடைத்தது, இவற்றுக்கெல்லாம் நடுவில், அவர் முகத்துக்கு நேர் மேலே, பலகைத் தளத்துக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று மிக மெதுவாகத் தன் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டது. தளத்தின் இணைப்பிலிருந்து தூசி உதிர்ந்து அவர் கண்ணில் விழுந்தது.

"உன்ன இறங்கச் சொன்னேன்ல," என்றார். "மறுபடி எதுக்கு ஏறின?"

"நான் எங்க ஏறினேன்? காபி ஊத்திக்கிட்டிருக்கேன்."

குரல் வெளியிலிருந்து வந்தது. தலையைத் திருப்பினார். மடக்கு நாற்காலியின் கால்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஆர்டிஸின் கால்கள்.

மேலே பலகை முனகியது. படுக்கையறைப் பக்கம். பிறகு நடுவில். ஒவ்வொரு முனகலுக்கும் ஒரு ஸ்பிரிங் தாழ்ந்தது, இன்னொன்று எழுந்தது.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"உள்ள யாரோ இருக்காங்க ஆர்டிஸ்."

"காலையிலேர்ந்து உள்ள நான்தானே இருந்தேன். ஒரு எலிகூட இல்ல."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நடுவில் லேசாகத் தாழ்ந்தது. ஆர்டிஸ் சிரித்தாள். பயம் வந்தால் சிரிப்பது அவள் வழக்கம். டெல்மருக்கு அது அடியோடு பிடிக்காது.

"விருந்தாளின்னா கூப்பிடறதுதானே முறை. இந்தா, இதப் பிடி." இன்சுலின் பையை அவர் கையில் திணித்துவிட்டு இன்னொரு கோப்பையில் காபி ஊற்றினாள். "யாருங்க உள்ள? வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"விளையாடாத," என்றார் டெல்மர்.

"கூச்சப்படாதீங்க. ரொட்டிகூட இருக்கு."

வண்டி அசையவில்லை. டெல்மர்தான் அவளை நோக்கி ஓரடி வைத்தார். அவர்கள் ஊரில் முதல் தடவை கூப்பிட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பார்கள். அதுதான் மரியாதை. மூன்றாவது தடவை கூப்பிட்டால் எழுந்து வந்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படிக் கூப்பிட்டே பழகிய வாய் ஆர்டிஸுடையது.

"ஆர்டிஸ், வேண்டாம்..."

"அட, சும்மா வாங்க," என்றாள் அவள் வண்டியைப் பார்த்து.

வண்டி வாசல் பக்கம் சாய்ந்தது. திறந்த கதவில் யாரும் இல்லை. இழுப்புப் படி கீழே வளைந்தது. இன்னும் வளைந்தது. இரும்பு கிறீச்சிட்டது. பிறகு படி விடுபட்டு மேலே துள்ளியது. வண்டி முழுவதும் ஒருமுறை எழும்பி, ஆடி, அடங்கியது.

சொல்ல வெட்கம்தான், ஆனால் டெல்மருக்கு முதலில் வந்தது சந்தோஷம். கதவுக்குள் தலையை நீட்டி ரசமட்டத்தைப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. இப்போதே சுடரைப் பற்றவைத்தால் காலைக்குள் ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிடும். இன்சுலின் பிழைத்தது. அவள் பிழைத்தாள்.

"மட்டம் நின்னுடுச்சு ஆர்டிஸ்," என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

ஆர்டிஸ் நாற்காலியில்தான் இருந்தாள். நாற்காலியின் கால்கள் முழுவதும் சரளைக்குள் புதைந்திருந்தன. இரண்டாவது கோப்பை காலியாக இருந்தது.

"ஊசி போடற நேரமாச்சு," என்றாள்.

அவள் குரல்தான். அதே சலிப்பு. எழுந்து அவரைக் கடந்து நடந்தாள். செருப்பு பட்ட இடமெல்லாம் கல் நொறுங்கியது.

"ஆர்டிஸ்?"

"என்ன அப்படிப் பாக்கற? பைய எடுத்துக்கிட்டு வா."

படியில் கால் வைத்தாள். படி முறிந்து விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. உள்ளே போனாள். அடுப்பைத் தாண்டி. கழிப்பறையைத் தாண்டி. பின்சக்கரங்களின் கீழே கட்டைகள் ஒவ்வொன்றாய்ப் பிளந்தன. கடைசியில், பின்பக்கத்துக் கட்டிலில் அவள் உட்காரும் சத்தம்.

டெல்மரின் கையில் ஈரத்துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு காய்ந்தால் மருந்து கெடும். மருந்து கெட்டால் அவள் இல்லை. அது அவருக்குத் தெரியும். கால்தான் எழவில்லை.

"டெல், எவ்வளவு நேரம்? சீக்கிரம் வா, மயக்கமா வருது."

அவர் முன்னால், வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பி, காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.