இரண்டு தோல் போர்த்திய சுவர்

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்தக் கதவை முழுக்கச் சாத்த வேண்டாம், ஒரு விரற்கடை திறந்தே இருக்கட்டும். ஏன் என்று நான் முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். நம் பெர்கன் ஊர் மலைச்சந்தில், நம் எல்லோரையும் போல மழைக்கு நடுவே குடியிருந்த ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் பயமாக இருக்கும். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

அவள் பெயர் சிக்னே. நவம்பரில் ஒரு நாள், பிற்பகல் நான்கு மணிக்கே வெளியே நன்றாக இருட்டியிருந்தது. மீன் வடைகளை வாணலியில் போட்டுவிட்டு, கை கழுவுவதற்காகக் குளியலறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. படர்ந்ததும் கண்ணாடி முழுக்க இல்லை. ஒரு சின்னத் தட்டளவு வட்டம், அவள் மார்புக்கு நேரே. ஏழு வயதுப் பிள்ளை அங்கே நின்றால் அவன் வாய் இருக்கும் உயரம். துண்டால் துடைத்தாள். கையை எடுப்பதற்குள் வட்டம் மறுபடியும் வந்தது. சுருங்கியது. விரிந்தது.

அந்தக் குளியலறையே பிள்ளைக்காகக் கட்டியதுதான். சிக்னேயின் மகன் ஐலிவுக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. பழைய குளியலறையின் பூஞ்சணம் போனால்தான் பிள்ளை தேறுவான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கணவன் ஹால்வர் படகுத்துறையில் வேலை பார்ப்பவன். ஆள் வைத்துச் செய்வதைக் கேவலமாக நினைக்கும் நம் ஊர் ஆண்களில் அவனும் ஒருவன். அந்த வருடம் ஜூலை விடுமுறை மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் தன் கையாலேயே முடிக்கக் கிளம்பிவிட்டான். நாற்பது வருடம் குளியலறைகளுக்கு டைல் பதித்து ஓய்ந்த மேல்வீட்டு ஒட்வர், சிக்னே சுட்டுக் கொடுத்த வாஃபிள் அப்பத்தைத் தின்றுகொண்டே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"சுவத்துல இருந்த பழைய பிளாஸ்டிக் தாளக் கிழிச்சியா?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நல்லாத்தானே இருக்கு. அது மேலயே பலகை அடிச்சு, வாட்டர்ப்ரூஃப் பூச்சு ரெண்டு தடவ அடிச்சிட்டேன். ரெட்டைக் காவல்."

"ரெட்டைக் காவலா? மழைக்கோட்டு மேல மழைக்கோட்டு போட்டுக்கிட்டு மலையேறிப் பாரு, தெரியும். ரெண்டு தோலுக்கு நடுவுல போன ஈரம் எந்தப் பக்கமாடா வெளிய வரும்?"

"உள்ளயே போகாது. அப்புறம் எங்கேருந்து வெளிய வர்றது?"

"போகும். அதுக்கு யாரும் வழி சொல்லித்தர வேண்டாம். ஃபேன் குழாய எங்க விட்டிருக்க, பரணுக்குள்ளயா? கதவுக்கடியில இருந்த இடுக்கையும் அடைச்சிட்ட. இது குளிக்கிற ரூமா, மீன் ஊறுகாய் ஜாடியா?"

"வாஃபிளயும் தின்னுட்டு ஆளையும் திட்டுறது நீங்க ஒருத்தர்தான்" என்று ஹால்வர் சிரித்தான். தரைக்காரை காய நான்கு வாரம் வேண்டும் என்றார் ஒட்வர். ஹால்வர் நான்கு நாள் கொடுத்தான். விடுமுறை முடியப்போகிறதே.

இலையுதிர்காலம் வந்ததும் இழுப்பும் வந்தது. அப்போதெல்லாம் சிக்னே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுக் குளியலறைக்குள் போய், கதவை இறுகச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் சூடுக்கம்பி ஓடும் தரையில் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஆவி திரளும். அந்தச் சின்ன நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும், கொதிக்கப்போகிற கெண்டியின் மூக்கிலிருந்து வருகிற மாதிரி ஒரு மெல்லிய சீழ்க்கை. மெதுவாக அது தணியும். ஆவியும் மெல்லிசாகும். எங்கே போகிறது என்று அவள் யோசித்ததில்லை. வெளியேதான் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் இழுப்பு சுத்தமாக நின்றுவிட்டது. இன்ஹேலர் அலமாரியில் தூசி பிடித்தது. "டாக்டருக்குச் சொல்லு, என் பாத்ரூம்தான் பெரிய டாக்டர்னு" என்று ஹால்வர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். சிக்னே பாத்திரம் கழுவும்போது யாருக்கும் தெரியாமல் அழுதாள், சந்தோஷத்தில்.

பிறகுதான் கண்ணாடியில் அந்த வட்டம் தெரிந்தது.

அதற்குப் பின் அவளால் அந்த அறையைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. டைல்களின் மேல் எந்நேரமும் முத்து முத்தாக வேர்வை அரும்பி நின்றது. பூஞ்சண நெடியாவது அடித்திருக்கலாம், அது பழகிய நெடி. இங்கே வீசியதோ, தூங்கி எழுந்த பிள்ளையை வாரி அணைத்தால் அவன் வாயிலிருந்து வருமே, அந்த இளஞ்சூடான பால்வாசம். ஒரு சாயங்காலம், மழை கூரையில் ஓய்ந்த ஒரு இடைவெளியில், டைலில் காதை வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். விடும்போது, கடைசியில், அந்தச் சீழ்க்கை.

ஏழு வருடமாக அவள் காது கேட்டுப் பழகிய சத்தம். தவறாது.

பிள்ளையின் அறைக்கு ஓடினாள். ஐலிவ் தரையில் குப்புறப் படுத்துக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தமே இல்லை.

"அந்தச் சுவர உடைச்சிடு ஹால்வர்" என்றாள் அன்று.

"எதுக்கு? புள்ளைக்கு இழுப்பு நின்னு மூணு வாரமாச்சு. அதச் சொல்லிச் சந்தோஷப்படேன்."

"நிக்கல. எடம் மாறியிருக்கு."

அவன் அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். "நீ ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு?"

தினமும் கேட்டாள். கெஞ்சினாள். வசந்தம் வரட்டும், பார்க்கலாம் என்றான். அவன் கையால் கட்டிய சுவர். அதில் குறை இருக்கிறது என்பதை அவனால் விழுங்க முடியவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. ஹால்வர் கடைக்குப் போயிருந்தான். ஐலிவ் சமையலறையில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். சிக்னே காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு சுவர் கூடும் மூலையில் சிலிக்கான் பசை பூசிய இணைப்பைக் கீறினாள். ஒரு விரல் நீளம். பூச்சையும் தாண்டி உள்ளே.

மணிக்கட்டில் காற்று பட்டது. வெதுவெதுப்பாக. ஈரமாக.

சமையலறையில் நாற்காலி விழுந்தது.

ஓடினாள். பிள்ளை தரையில் கிடந்தான். உதடு நீலம். வாய் திறந்திருந்தது, அதிலிருந்து எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை உள்ளே போகாமல் வாயோரமாகக் கலைந்தது. அவள் திரும்பக் குளியலறைக்கு ஓடினாள். ஏன் என்று கேட்காதீர்கள், தாய்க்குத் தெரிந்தது. கீறலின் மேல் கட்டை விரலை அழுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா" என்றது சமையலறையிலிருந்து குரல். "நான் விழுந்துட்டேன்."

கை மரத்துப்போன பிறகும் விரலை எடுக்கவில்லை. இன்னொரு கையால் அலமாரியிலிருந்த சிலிக்கான் பசைக்குழாயை எட்டி எடுத்து, விரலை நகர்த்த நகர்த்தப் பசையைப் பிதுக்கி அந்தக் கீறலை அடைத்தாள்.

அன்றிலிருந்து அவள் அந்தச் சுவருக்கு வேலைக்காரி ஆனாள். அது காய்ந்தால் உள்ளே இருக்கும் மூச்சும் நின்றுவிடும், காய விடக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவிக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஃபேனை நிறுத்தினாள். ஜன்னல் இடுக்கில் துணி திணித்தாள். விரல்நுனிகள் சுருங்கி வெளுத்துப்போயின. ஹால்வரிடம் சொன்னாள்: "சுவரப் பத்தி நான் சொன்னதெல்லாம் மறந்துடு. நல்லாத்தான் இருக்கு. தொடாத."

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முன்பு பாதி சொன்னதற்கே அவன் பார்த்த பார்வை அவளுக்கு ஞாபகம் இருந்தது. முழுவதையும் சொன்னால் அவளை மருத்துவமனைக்கு அனுப்புவான். அப்புறம் சுவருக்கு ஆவி காட்ட யார் இருப்பார்கள்?

ஹால்வர் அவள் சிவந்த கண்களையும் வெளுத்த விரல்களையும் பார்த்தான். தன் மனம் நோகக் கூடாதென்றுதான் பேச்சை விட்டுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டான். நல்லவன், கண்ணுகளா. அதுதான் கேடாக முடிந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் மழை நின்று, உறைபனி இறங்கியது. வானம் கண்ணைப் பறிக்கும் நீலம். மதியம் பள்ளிக்கூட வாசலில் சிக்னே நின்றாள். கதவு திறந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே கொட்டினார்கள். ஒவ்வொரு வாயிலும் மூச்சு குளிரில் வெள்ளைப் புகையாக. பெரிது, சிறிது, கொத்துக் கொத்தாக.

ஐலிவ் ஓடி வந்தான். சிரித்தான். சறுக்குவண்டியிலிருந்து விழுந்த கதையை மூச்சு விடாமல் சொன்னான்.

வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"நீ ஏன் புகை விடல?" என்றாள் பக்கத்தில் வந்த சிறுமி.

"எனக்கு வராது" என்றான் ஐலிவ், பல் விழுந்தது என்று சொல்வதைப் போல.

சிக்னே அவன் கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டு சந்துப் படிகளில் ஏறினாள். மேலே ஒட்வர் பனியில் யாரும் வழுக்கி விழாமலிருக்கப் படிகளில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

"போ போ, வீட்ல உனக்கு ஒரு அதிசயம் காத்திருக்கு. உன் புருஷன் லீவு போட்டிருக்கான்."

"எதுக்கு?"

"காலையில ஈரம் பாக்குற கருவிய நானே கொண்டுபோயி சுவத்துல வெச்சுக் காட்டினேன். முள்ளு கடைசிக்குப் போயி நின்னுடுச்சு. மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. 'அவ கெஞ்சிக்கிட்டே இருந்தா ஒட்வர், நான்தான் காது குடுக்கல'ன்னான். நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு..."

தொம்.

வீட்டுக்குள்ளிருந்து. மறுபடி தொம். டைல் விழுந்து நொறுங்கும் சத்தம்.

பிள்ளையை வாரித் தூக்கினாள். ஓடினாள். படியெல்லாம் பனிக்கட்டி. கால் வழுக்கியது. முழங்கால் இடித்தது. எழுந்தாள். ஹால்வரின் பெயரைக் கத்தினாள். சுத்தியல் நிற்கவில்லை.

குளியலறையின் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. துணியெல்லாம் கீழே கிடந்தது.

அதன் வழியாக வந்தது. வெள்ளையாக. மெதுவாக. நீளமாக. வெயிலில் பளபளத்துக்கொண்டு, கலையாமல். கடைசியில், மெல்லிய ஒரு சீழ்க்கை.

"பாத்தியா, எவ்வளவு ஈரம் உள்ள இருந்திருக்குன்னு" என்றார் பின்னால் வந்து நின்ற ஒட்வர்.

ஐலிவ் அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி நின்றான். கழுத்துத் துணியைக் கீழே தள்ளினான். தலையை அண்ணாந்து, கூரைக்கு மேலே ஏறிப் போகிற அதைப் பார்த்தான். துறையை விட்டுப் போகும் கப்பலுக்குக் காட்டுவது போல ஒரு கையைத் தூக்கினான். அவன் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. இன்னொரு கை அவள் கைக்குள் இருந்தது, ஈர டைல் போலச் சில்லிட்டு.

உள்ளேயிருந்து ஹால்வரின் குரல் கேட்டது, சந்தோஷமாக.

"சிக்னே, வந்து பாரு. முழுசாத் தொறந்துட்டேன்."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவர்கள் உலர்ந்து நிற்கட்டும். கதவடியில் காற்றுக்கு ஒரு வழி இருக்கட்டும். உறைபனிக் காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் வாயிலும் வெள்ளைப் புகை தெரியட்டும். எண்ணிப் பார்த்தால் ஒன்றும் குறையாமல் இருக்கட்டும்.